ஃப்ளட் பாட்டை மூன்று பதிவுகளில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெனிசிஸ் என்ற ஆங்கில ராக் குழுவிலிருந்து 1975இல் விலகிய பாடகர் பீட்டர் கேப்ரியல், 1977இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒன்றோடொன்று ஒட்டாத 9 பாட்டுகள் என்கிறார் கட்டுரையாளர். அது உண்மைதான். ஆனால் குழு இல்லாததால் பாடகர் தடுமாறினார் என்று அவர் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. கோளாறு ஒலிப்பதிவில்தான் இருக்கிறது.

தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் ஆல்பங்களால் பெயர் வாங்கியவர். எதையும் பிரம்மாண்டமாக்குவது அவர் வழக்கம். ஸ்டீவ் ஹன்டர், டிக் வாக்னர் என்ற அமெரிக்க ஹார்டு ராக் கிட்டார் கலைஞர்களை டொரண்டோ ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்தார். கேப்ரியல் தரப்பிலிருந்து வந்தவர் கிங் கிரிம்சன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், நேர் எதிர் ரசனைக்காரர். ஒரு பாட்டில் பார்பர்ஷாப் பாணியில் (வாத்தியமின்றிப் பல குரல்கள் இசைந்து பாடுவது) சேர்ந்திசையும் பாஸ் கலைஞர் டோனி லெவின் ஊதும் டியூபா என்ற பெரிய குழல்வாத்தியமும், இன்னொன்றில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடுவில் ஒரு ப்ளூஸ். ஒட்டாமல் போனதில் வியப்பென்ன?

அந்த ஆல்பத்தின் 'ஹியர் கம்ஸ் த ஃப்ளட்' பாட்டே இதற்குச் சான்று. 1977 பதிவில் கோரஸ் (பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும் பகுதி) வந்ததும் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் பொங்கி எழுந்து குரலை மூழ்கடிக்கின்றன. கேப்ரியலுக்கே அதில் திருப்தியில்லை. ஃபிரிப்பின் 1979 ஆல்பமான 'எக்ஸ்போஷர்' என்பதில் அதையே பியானோவோடு மிக அடக்கமாகப் பாடினார். 1990இல் தன் தொகுப்பு ஆல்பத்துக்காக மறுபடியும் பியானோவோடு பதிவுசெய்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெட்டில் ஒரு குறையும் இல்லை என்பது விளங்கும்.

அதே ஆல்பத்தின் 'சால்ஸ்பரி ஹில்' பாட்டு பற்றியும் ஒரு திருத்தம். முழுப் பாட்டும் சுற்றுக்கு 7 எண்ணிக்கைத் தாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோரஸின் முடிவிலும் கடைசி 2 சுற்று மட்டும் 4 எண்ணிக்கைக்கு மாறுகிறது. மேடையில் இதை வாசிப்பவர்கள் வழுக்குவதும் இங்கேதான்: 8 எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் 14 வாசித்துவிடுவார்கள், பாடகர் அந்தரத்தில் நிற்பார். ஏழுதானே என்று கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ் டிரம் ஏழையும் சமமாகவே அடிக்கிறது, தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகப் பிரித்தால் ஒட்டாது. ஒன்று முதல் ஏழு வரை நேராக எண்ணுங்கள். காலால் இடம் வலம் தட்டினால் முதல் சுற்று இடக்காலில் தொடங்கும், அடுத்தது வலக்காலில். பழைய காலுக்குத் திரும்ப 14 தட்டு ஆகும். பாட்டு ஓயாமல் முன்னால் சாய்வதுபோல் தோன்றுவது இதனால்தான். ஹன்டரின் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலுக்கு வழிவிட்டே நகர்கிறது. எஸ்ரின் கையை அடக்கிக்கொண்ட இடம் இது என்பேன்.

இரண்டாம் ஆல்பத்தை 1978இல் ஃபிரிப்பே தயாரித்தார், ஒலி வறண்டுபோனது. 1980இல் வந்த மூன்றாவதில் டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டே கூடாது என்று கேப்ரியல் கட்டளையிட்டார். அந்த ஆல்பம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆளின் குரலாக ஒலிக்கிறது. பாடகர் அவரேதான், ஒலிப்பதிவு முறைதான் மாறியது.

கடைசியாக, நீங்கள் அச்சிட்டிருக்கும் அட்டைப்படம் தவறு. முகம் பாதி உருகி வழிவது 1980 ஆல்பம். முதல் ஆல்பத்தில் அவர் மழைத்துளி படிந்த நீலக் காருக்குள் அமர்ந்திருப்பார். முதல் நான்கு ஆல்பங்களுக்கும் வெறும் 'பீட்டர் கேப்ரியல்' என்றே பெயர் என்பதால் (நான்காவதற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 'செக்யூரிட்டி' என்று பெயரிட்டார்கள்) கட்டுரையைப் படித்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் வேறொன்றை எடுத்து வந்துவிடுவார்கள். அடுத்த இதழில் சரியான படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்