அம்மாவின் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தவர்களுக்கு

வணக்கம். இருதயத் துடிப்பு சீரில்லாத எங்கள் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, நல்லபடியாகக் குடியாத்தம் அழைத்து வந்துவிட்டோம். அங்கே உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆன அன்று சிலர் டூட்டியிலும் இல்லை. அதனால்தான் நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. அதன் தொடர்ச்சியாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது துடிப்பு தாறுமாறாகிவிடும் நோய். பல வருஷமாகத் துடிப்பின் வேகத்தைக் குறைக்க டிகாக்ஸின் (சனி, ஞாயிறு கிடையாது), நீர் பிரிய லாசிக்ஸ், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில் துடிப்பு தறிகெட்டு ஓடியபோது, முதலில் சேர்த்த இடத்தில் அமியோடரோன் ஆரம்பித்தார்கள். அந்த நேரத்துக்கு அது வேண்டிய மருந்துதான், துடிப்பும் அடங்கியது. பழைய மாத்திரைகள் மட்டும் அதே அளவில் தொடர்ந்தன. சில நாளில் அம்மாவுக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். வேலூருக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். மறுநாள் காலை வார்டில் அம்மா என்னிடம் டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பால்ல மஞ்சத்தூள் போட்டியா?" என்று கேட்டார். வெறும் பால்தான் கொடுத்தேன்.

முதல் நன்றி அன்றைக்குக் காலை டூட்டியில் இருந்த சிஸ்டருக்கு. டிகாக்ஸின் மாத்திரையை ட்ரேயில் வைத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அம்மாவின் இடது மார்பில் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினார். இந்த நோயில் சில துடிப்புகள் மணிக்கட்டு வரைக்கும் வந்து சேராது. அதனால் கையைப் பிடித்துக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். எண்ணி முடித்தவர் மாத்திரையைத் தரவில்லை. துடிப்பு நாற்பதை ஒட்டி இருந்தது. அறுபதுக்குக் கீழே போனால் டிகாக்ஸினை நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டுமாம். ஆனால் அவர் முகம் மாறியதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. "எப்பவும் தாறுமாறா அடிக்கணும், இப்ப கடிகாரம் மாதிரி ஒரே சீரா அடிக்குதே" என்றார். நாங்களாக இருந்தால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்போம். டிகாக்ஸின் மிஞ்சி, இருதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சாரம் தடைப்பட்டுப் போனாலும் துடிப்பு இப்படிச் சீராகும் என்று ஈ.சி.ஜி. பார்த்த டூட்டி டாக்டர் விளக்கினார். "இது மருந்தால் வந்தது" என்று எங்களிடம் நேராகவே சொன்ன அந்தச் சின்ன வயது டாக்டருக்கும் நன்றி.

அப்புறம் வார்டுக்கு வரும் கிளினிக்கல் பார்மசிஸ்ட். அம்மாவின் மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, எது எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று கேட்டார். எங்கள் ஊர் மெடிக்கல் அண்ணன் கடையைத் திறந்ததும் பழைய பில்களைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. அமியோடரோன் சேர்ந்தால் டிகாக்ஸின் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டிகாக்ஸினைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். அசிட்ரோமின் வேகத்தையும் அமியோடரோன் கூட்டிவிடும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும், அது ஆறைத் தாண்டியிருந்தது. லாசிக்ஸால் பொட்டாசியம் வேறு இறங்கிப்போய், டிகாக்ஸினின் கெடுதலை அதிகமாக்கியிருந்தது. வாந்திக்கு எழுதியிருந்த ஊசிகூட அமியோடரோனோடு சேர்ந்தால் துடிப்பைக் குலைக்கலாம் என்று டாக்டரிடம் பேசி மாற்ற வைத்தார். பால் மஞ்சளாகத் தெரிந்ததற்கும் காரணம் டிகாக்ஸின்தான். அது எந்தச் செடி வகையிலிருந்து வந்ததோ, அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பொருட்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிகின்றன என்று 1785-லேயே வில்லியம் விதரிங் என்ற இங்கிலாந்து டாக்டர் எழுதி வைத்திருக்கிறாராம்.

அந்தப் பார்மசிஸ்ட் அதோடு விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் உட்கார்ந்து, மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்கும் படிவத்தை எங்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். 2010-ல் ஆரம்பித்த மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்காக, காசியாபாத்தில் இருக்கும் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனுக்குப் போவது அது. அம்மாவின் பெயரில் முதலெழுத்து மட்டும்தான் எழுதினார். யார் மேலும் புகார் இல்லை. எந்த மருந்து, என்ன ஆயிற்று, எப்போது என்ற விவரம்தான். வீட்டு ஆட்களே 1800 180 3024 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுத் தெரிவிக்கலாம் என்றும் சொன்னார். நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் "மாத்திரை ஒத்துக்கல" என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம்! இன்னொரு வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து யோசித்த அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மானிட்டரில் வைத்துக் கண் கொட்டாமல் பார்த்தவர்கள், பொட்டாசியத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றியவர்கள், நேரம் பார்க்காமல் ரத்தம் எடுக்க வந்த லேப் தம்பி, எல்லோருக்கும் நன்றி. பக்கத்துப் பெட்டில் இருந்த சித்தூர் அம்மாவுக்கும்தான். நான் கேஷ் கவுண்டருக்கு ஓடும்போதெல்லாம், தெலுங்கும் தமிழுமாகப் பேசியபடி எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

அமியோடரோனை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் அது மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்கிறோம். மெடிக்கல் அண்ணன் மாத்திரைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறோம். அம்மா ரசம் சாதத்தை ஒதுக்கிவிட்டுக் கேழ்வரகுக் களி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டார் எல்லோர் சார்பிலும் நன்றி.

குடியாத்தத்திலிருந்து,
அவருடைய மகள்