கோட்டைக்கு அடியிலுள்ள மண்ணையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புக் கோட்டையைத் திருத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மதில், கொத்தளம், கூரை என்று கண்ணுக்குத் தெரிவதையே பேசுகிறோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. அத்திவாரத்தின் கீழுள்ள மண் எங்கள் பேச்சில் வருவதேயில்லை.

எங்கள் பழைய வீட்டில் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தோம். மேற்குச் சுவர் வெடித்தது. மூன்று தடவை சீமெந்து பூசினோம். மாரி வந்தால் அதே இடத்தில் மறுபடி வெடிப்பு. கடைசியில் ஒரு மேசன் வெளிப்பக்கம் தோண்டிக் காட்டினார். உடைந்த கானிலிருந்து கசிந்த தண்ணீர் அத்திவாரத்தடி மணலை அரித்திருந்தது. வீடென்றபடியால் தோண்டினோம். கோட்டையை அப்படித் தோண்டக் கூடாது.

தோண்டாமல் பார்க்க வழியுண்டு. சிறு உலோக முனைகளை வரிசையாக மண்ணில் ஊன்றி மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். இதுதான் மின்தடை அளவீடு. நீர் ஊறிய களி மின்சாரத்தை இலகுவாகக் கடத்தும். கல்லும் காய்ந்த மணலும் தடுக்கும். முனைகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்திலுள்ள மண் தெரியவரும். குழாய்க்கிணற்றுக்கு இடம் பார்க்க நம் நாட்டில் வழக்கமாகச் செய்வதுதான். மெக்சிக்கோவின் சிச்சென் இட்சா பிரமிட்டுக்கு அடியில் நீர் நிறைந்த பெரும் குழி இருப்பதை 2015இல் அறிவித்ததும் இந்த முறையால்தான்.

மண்ணுக்குள் வானொலி அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் போதுமே என்று சிலர் சொல்லக்கூடும். உப்புநீர் ஊறிய மண்ணில் ரேடார் அலை கொஞ்ச ஆழத்திலேயே அடங்கிவிடும். மதிலின் உட்புறம் பார்க்க அது உதவும். வாவிக்கரை மண்ணுக்கு மின்தடை அளவீடே பொருந்தும். அதிலும் கவனம் தேவை. மாரியில் வாவியின் உவர் குறையும், கோடையில் ஏறும். மண்ணின் மின்தடையும் கூடவே மாறும். ஆகவே இரு பருவத்திலும் அளந்து ஒப்பிட வேண்டும். சந்தேகம் உள்ள ஓரிரு இடங்களில் மட்டும், தொல்பொருள் அறிந்தவர்கள் பார்த்திருக்க, சிறு துளையிட்டு உறுதிப்படுத்தலாம்.

தொல்பொருள் திணைக்களம் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையினரையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்க வேண்டும் என்று வேண்டுகிறேன். கோட்டைக்குள் இன்னொரு மூட்டை சீமெந்து போகமுன் முதல் அளவீடு நடக்கட்டும்.

இப்படிக்கு,
புளியந்தீவு வாசகர்,
மட்டக்களப்பு