அப்பாவின் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்து பார்த்துக்கொண்டிருந்தபோது முட்டுக்கட்டை நழுவி, அப்பாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இப்போது தேறி வருகிறார். ஆபரேஷன் செய்த டாக்டரை நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டோம். முறை மாறி மாறி வந்துபோன சிஸ்டர்களுக்குத்தான் சரியாக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. ஒருவரைத் தேடிப் போனால் அவர் டியூட்டி முடிந்து கிளம்பியிருப்பார், இன்னொருவர் வேறு வார்டுக்கு மாறியிருப்பார். அதனால்தான் எல்லார் முன்னாலும் இந்த மடல்.

முதலில் கரையில் இருந்த அண்ணன்மார்களுக்கு. யாரும் அப்பாவைத் தூக்கி நிறுத்தவில்லை, காலை இழுத்து நேராக்கப் பார்க்கவில்லை. கிடந்த பலகையை எடுத்து, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி துண்டால் கட்டி, 108 வரும்வரை படுக்கவே வைத்திருந்தார்கள். எண்ணெய் போட்டு நீவிக் கட்டலாம் என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தபோது, வேண்டாம் என்று தடுத்தவர்களும் இவர்கள்தான். முறிந்த முனை உள்ளே ரத்தக்குழாயைக் கிழித்துவிடாமல் இருக்க அசையாமல் வைப்பதுதான் முக்கியம். எங்கள் தீவைக் கரையோடு இணைக்கும் சாலைப் பாலம் பாம்பனில் வந்தது 1988இல். அதற்கு முன்னால் காலொடிந்தவரையும் ரயிலுக்காகக் காத்திருந்துதான் கொண்டுபோக வேண்டும் என்று பாட்டி சொல்வார். அப்பாவை நேரே ராமநாதபுரம் கொண்டு சேர்த்த ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கும் நன்றி.

அன்றிரவு பணியில் இருந்த சிஸ்டரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

மாவுக்கட்டு போட்டு வார்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அவர் மணிக்கொரு முறை வந்து அப்பாவின் கால்விரல்களைப் பார்த்தார். தொட்டுச் சூடு பார்ப்பார், நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பார். "விரலை ஆட்டுங்கப்பா. நான் தொடுறது தெரியுதா?" என்று கேட்டு ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பார். நள்ளிரவுக்கு மேல் வலி கூடியது. ஊசி போட்டும் அடங்கவில்லை. எலும்பு உடைந்தால் வலிக்கத்தான் செய்யும் என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று அம்மாவும் தேற்றினார். சிஸ்டர் அப்படி விடவில்லை. பெருவிரலை மெதுவாக மேலே மடக்கிப் பார்த்தார். அப்பா அலறிவிட்டார். கட்டு வழியே எட்டிய இடத்தில் தொட்டபோது கெண்டைச்சதை கல்லாக இறுகியிருந்தது. உடனே டாக்டருக்குப் போன் செய்தார். அவர் சொன்னபடி மாவுக்கட்டைப் பிரித்து, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை விலக்கினார். காலுக்கு அடியில் உயரமாக வைத்திருந்த தலையணைகளையும் எடுத்தார். வீக்கத்துக்குக் காலை உயர்த்தத்தானே சொல்வார்கள் என்று எனக்குக் குழப்பம். இந்த நிலையில் கால் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் உயர்த்தினால் போகிற ரத்தமும் குறைந்துவிடும் என்று வேலையினூடே எனக்கு விளக்கினார். விடியுமுன் ஆபரேஷன் நடந்தது.

கீழ்க்காலின் தசைகளைச் சுற்றி விரிந்து கொடுக்காத உறை இருக்கிறது. நசுங்கிய தசை வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைப்படும். 6 மணி நேரத்துக்கு மேல் போனால் தசையும் நரம்பும் மீளாமல் போகலாம். பாதத்தில் நாடி கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அடிபட்டதற்கு மீறிய வலியும், விரலை மடக்கினால் எழும் வலியும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த உறையைக் கீறி விட்டுத்தான் காலைக் காப்பாற்றினார்கள். சிஸ்டர், அப்பா இன்று அந்தக் காலை ஊன்றுகிறார் என்றால் அன்றிரவு நீங்கள் விழித்திருந்ததால்தான்.

அடுத்து, பகல் முறை சிஸ்டர்கள். எலும்பை வெளியிலிருந்து கம்பிகள் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனித் துணியால் துடைக்க வேண்டும், ஒன்றைத் துடைத்த துணி அடுத்ததைத் தொடக்கூடாது. சிவப்பு, சீழ், கம்பி ஆட்டம், இதில் எது தெரிந்தாலும் வந்து சொல்லச் சொன்னார்கள். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திச் செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகிலும் குதிகாலிலும் புண் வராமல் பார்த்துக்கொண்டதும், ரத்தம் கட்டாமலிருக்க நல்ல காலின் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி நினைவூட்டியதும் அவர்களே. பீடி குடித்தால் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும் என்று ஒரு சிஸ்டர் சொன்ன அன்று அப்பா விட்ட பீடியை இன்றுவரை தொடவில்லை. நாங்கள் பல வருஷமாகச் சொல்லி நடக்காத காரியம் அது.

ஊன்றுகோல் பழக்கிய பிசியோ தம்பிக்கும் நன்றி. பாரம் அக்குளில் விழக்கூடாது, கையில்தான் விழ வேண்டும், படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் தெரு மணலில் ஊன்றுகோல் புதையும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோ அக்கா அதைப் பார்த்துவிட்டு, நடைப்பயிற்சியை சிமெண்ட் ரோட்டுக்கு மாற்றினார். 2021இல் அந்தத் திட்டம் வந்தபோது அது எங்கள் வாசலுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கழிப்பறைக்குத் தோதாக்கிக் கொடுத்த ஆசாரி மாமா கூலி வாங்க மறுத்துவிட்டார். மீனும் முட்டையும் தவறாமல் கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசி எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருவது தெரிகிறது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். கடலுக்குப் போக டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. சொன்னதும் முதலில் பிடிக்கும் மீன் அந்த வார்டுக்குத்தான் என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
தங்கச்சிமடம் மீனவர் குடும்பத்து மகள்