எட்டுக்கு நாலு தகடும் உன் பையன்களும்

குறிச்சி, கோவை

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கலாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, உன் வீட்டில் சொல்லிவிடு. இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய். நேரில் வரும்போது சேர்த்துத் திட்டிக்கொள். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ ஐ.டி.ஐ. வாத்தியார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பட்டறைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். டிப்ளமோ முடித்தவன், நல்ல சூட்டிகை. கணினியில் டிராயிங் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பத்து மி.மீ. இரும்பு பிளேட், எட்டடிக்கு நாலடி, பத்துத் தகடு எடுத்து வர வண்டி பேசச் சொன்னேன். செல்போனில் ஏதோ ஒரு ஆப்பில் எடை போட்டான். நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அடித்த கையோடு தடிமனுக்கும் 1 என்று அடித்திருக்கிறான். அந்தக் கட்டம் மட்டும் மில்லிமீட்டர். மொத்தம் 233 கிலோ என்று வந்தது. போதுமே என்று ஒரு குட்டியானை லோடு வண்டியைக் கூப்பிட்டுவிட்டான்.

உண்மையான எடை இரண்டேகால் டன்னுக்கும் மேல்! மூன்று தகடு இறங்கியதுமே வண்டி ஸ்பிரிங் பட்டையோடு உட்கார்ந்துவிட்டது. நாலாவது தகடு கிரேனில் தொங்கும்போது டிரைவர் கத்தி நிறுத்தியிருக்கிறார். கீழே தகட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நின்றது நம் ரங்கண்ணன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, செல்வம்.

பையனை நான் திட்டவில்லை. விரல் தவறுவது யாருக்கும் நடக்கும். என்னை உறுத்துவது வேறு. பத்துத் தகடு 233 கிலோ என்றால் ஒரு தகடு 23 கிலோ. அப்படியானால் பத்து மி.மீ. பிளேட்டை ஒரே ஆள் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போய்விடலாம். ‘இது எப்படி?’ என்று அவனுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அந்த எண் அவனிடம் ஒன்றுமே பேசவில்லை.

அடுத்த நாள் அவனை உட்காரவைத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்தேன். இதன்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். கணக்குப் போட்டு ஒரு லிட்டர் என்றான். எடை? ஒரு கிலோ. இரும்பு தண்ணீரைப்போல 7.85 மடங்கு கனம். அப்படியானால் ஒரு மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. முடிந்தது! அடர்த்தி எண் எதுவோ அதுதான் ஒரு மி.மீ. தகட்டின் எடை. பிறகு தடிமனால் பெருக்கு, பரப்பால் பெருக்கு, அவ்வளவுதான். கன சென்டிமீட்டர், ஆயிரத்தால் வகுத்தல், பத்து லட்சத்தால் வகுத்தல் என்று புள்ளி ஓடிப்போகிற இடமே இதில் இல்லை.

அலுமினியம் 2.7, இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 7.93, செம்பு 8.96, பித்தளை சுமார் 8.5. கண்ணாடி 2.5. இந்த எண்கள் மனதில் நின்றால் பாதிக் கொட்டேஷன் போட்டாகிவிட்டது. எட்டுக்கு நாலு அடித் தகட்டின் பரப்பு 2.97 சதுர மீட்டர். எனவே இரும்பில் மி.மீ.க்கு 23.3 கிலோ. பத்து மி.மீ.க்கு 233. அந்த 233 ஒரு தகட்டுக்கு என்று தெரிந்தபோது பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

பெரிய மேஸ்திரி நினைவுக்கு வந்தார். கால் அங்குலப் பிளேட்டைப் பார்த்ததும் ‘சதுர அடிக்குப் பத்து ராத்தல்’, அதாவது பத்து பவுண்டு, என்பாரே? மெட்ரிக் சட்டம் 1956இலேயே வந்தும் அவர் கடைசிவரை ராத்தலை விடவில்லை. நீதான் அவரைப்போலவே பேசிக்காட்டி அடி வாங்குவாய். சரியான எண் 10.2 ராத்தல். 32 சதுர அடிக்கு 326 ராத்தல், அதாவது 148 கிலோ. நம் முறையில் 6.35 மி.மீ.யை 7.85ஆலும் 2.97ஆலும் பெருக்கினாலும் அதே 148. பேப்பர் தொடாத மனுஷன், எவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்கிறார் பார்!

எடை தெரியாதவனைப் பொருள் விற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் உன் வகுப்பில் சொல். இங்கே ஒரு கடையில் 2 மி.மீ. தகட்டுக்கு தியரிட்டிக்கல் வெயிட், அதாவது நிறுக்காமல் கணக்கில் வரும் எடையைப் போட்டு பில் தருகிறார்கள், ஒரு தகடு 46.7 கிலோ. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 1.85தான். உண்மை எடை 43.2. தகட்டுக்கு மூன்றரைக் கிலோ இரும்பு இல்லாமலே அதற்குக் காசு கொடுக்கிறோம். உருட்டும்போது தடிமன் சற்றுக் கூடக் குறைய வருவது இயல்பு, தரநிர்ணயத்திலும் அதற்கு இடம் உண்டு. அது எப்போதும் வாங்குகிறவன் பக்கமே குறைந்தால் எப்படி? நான் இப்போது வேபிரிட்ஜ் (வண்டியோடு எடை போடும் மேடை) சீட்டு இல்லாமல் பணம் தருவதில்லை. இன்னொன்று, 2500க்கு 1250 மி.மீ. தகட்டையும் எட்டுக்கு நாலு என்றே சொல்கிறார்கள். அது மி.மீ.க்கு 24.5 கிலோ. ஐந்து சதவீதம் வித்தியாசம் பேச்சிலேயே போய்விடுகிறது.

அப்புறம் கேஜ், தடிமனுக்குச் சொல்லும் நம்பர். இதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். 16 கேஜ் என்றால் நம் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 1.63 மி.மீ. அமெரிக்க இரும்புத் தகட்டுக் கணக்கில் 1.52. அதே அமெரிக்காவில் அலுமினியத்துக்கு 1.29. கேஜில் ஆர்டர் சொன்னால் ‘மி.மீ. சொல்லுங்க’ என்று திருப்பிக் கேட்கப் பையன்களைப் பழக்கு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் ஃபார்முலா எழுதும் முன்பு, அவர்கள் கையில் எதையாவது கொடுத்து எடையை ஊகிக்கச் சொல். தகடு இல்லையென்றால் பேப்பர் போதும். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று சரியாக ஐந்து கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. உன் மேஜைமேலேயே கிடக்குமே. முதலில் தூக்கிப் பார்க்கட்டும், ஊகத்தை எழுதட்டும், பிறகு கணக்கு, கடைசியில் தராசு. செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அதில்தான் கொட்டேஷன் போடுகிறேன். ஆனால் அது சொல்லும் எண்ணைப் பார்த்து ‘இருக்காதே’ என்று சொல்லக் கை பழகியிருக்க வேண்டும். கிரேனுக்கு அடியில் நிற்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான், செல்வம். ஊருக்குப் போகும்போது அவர்களின் அம்மாக்களை நீயும் நானும்தானே பார்க்க வேண்டும்?

நீ மாடிக் கைப்பிடிக்கு 12 மி.மீ. டஃபன் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி போடப்போவதாக எழுதியிருந்தாய். வாத்தியார் சம்பளம் நன்றாகத்தான் வருகிறது போல! சதுர மீட்டருக்கு 30 கிலோ. மீட்டர் உயரத்தில் பத்து மீட்டர் ஓடினால் 300 கிலோ. எடையை ஸ்லாப் தாங்கும். ஆள் சாய்ந்தால் வருகிற இழுப்பைத்தான் அடியில் பிடிக்கிற போல்ட் தாங்க வேண்டும். ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் துளை போடுகிறார்கள், கான்கிரீட்டில் பதிக்கிற ஆங்கர் போல்ட் எது என்று கேட்டு எழுது. வேலையை ஆரம்பிக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். ஜூனில் பயிற்சிக்கு இரண்டு பையன்களை அனுப்பு. சாப்பாடும் தங்க இடமும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்