கடைசி நாலு அத்தியாயம்தான் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கொரியத் தொடர்களைப் பற்றி வரும் குறிப்புகளில் முடிவைச் சொல்ல இரண்டே முத்திரைதான் இருக்கிறது: சுபம், சோகம். எங்கள் கரையில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வலை பொத்துகிற இடத்தில்கூடக் கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தொடர் ஓடும். நாயகன் செத்துப்போன கதையை ‘அருமை’ என்பார்கள், கல்யாணத்தில் முடிந்ததை ‘ஏமாத்திட்டான்’ என்பார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கடிதம். முடிவுகளைத் தொடாமல் பேச வழியில்லை; பார்க்காத தொடரின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

வழக்கமான கொரியத் தொடருக்கு 16 அத்தியாயம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், சிலது எழுபது நிமிடம். வாரத்துக்கு இரண்டு என்று எட்டு வாரத்தில் கதை முடிந்துவிடும். முதல் நாலில் ஆட்கள் அறிமுகம், எட்டையொட்டிக் காதல் வெளிப்படும், பன்னிரண்டில் பெரிய ரகசியம் உடையும். கெடுவது பெரும்பாலும் 13, 14, 15இல். உண்மையான முடிச்சு பன்னிரண்டிலேயே அவிழ்ந்துவிட்டால் மீதி நாலு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? அப்போதுதான் சந்து திரும்பி லாரி வரும். தலையில் அடிபட்டு நினைவு போகும். ‘உன் நல்லதுக்காகத்தான் விலகுறேன்’ என்று நாயகி ஒரு வார்த்தை விளக்காமல் விமானம் ஏறுவாள். பதினாறில் ‘ஒரு வருடம் கழித்து’ என்று எழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் இதற்குத் தயாரிப்பு முறையே காரணம். சில அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள். மீதி ஓட ஓடத்தான் படப்பிடிப்பு. அன்றன்றைய காட்சிக்கு அன்றைக்குத்தான் வசனத் தாள் வந்து சேரும். பார்வையாளர் சதவீதம் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும், கூட்டம் கூடினால் அத்தியாயமும் கூடும். ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ இருபதில் முடிய வேண்டியது, இருபத்தொன்றானது. 2016இல் ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ முழுவதையும் எடுத்து முடித்துவிட்டு ஒளிபரப்பினார்கள். அதற்கப்புறம் அந்த வழக்கம் கூடியது. அவசரத்தில் கெடுவது குறைந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். யோசித்தே கெடுப்பது குறையவில்லை.

பார்க் ஜி-உன் என்ற எழுத்தாளரையே எடுத்துக்கொள்வோம். காதலர்களைச் சேர்த்து வைப்பார், ஆனால் முழுசாகச் சேர்த்து வைக்க மாட்டார். மேலே சொன்ன ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ இவருடையது. வேற்றுக்கிரகத்து நாயகன் விண்வெளித் துளை வழியே வந்து வந்து போவான். ஒவ்வொரு முறையும் தங்கும் காலம் கொஞ்சம் நீளும். ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’வில் நாயகன் வடகொரிய ராணுவ அதிகாரி, நாயகி தென்கொரியத் தொழிலதிபர். நடுவில் இருக்கும் எல்லையை எந்தக் கதாசிரியராலும் அழிக்க முடியாது. அதனால் ஆண்டுக்கு இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் சந்திக்கிறார்கள். இரண்டு வாரம்தானா என்று யாரும் கோபப்படவில்லை. எல்லை கதையின் முதல் மணி நேரத்திலிருந்தே இருக்கிறது. அதற்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

அதே கைதான் 2024இல் ‘குயின் ஆஃப் டியர்ஸ்’ எழுதியது. மூன்று வருடக் கல்யாணம் கசந்துபோன தம்பதி, மனைவிக்கு மூளைக் கட்டி, அதைச் சாக்காக வைத்து மறுபடி பூக்கும் அன்பு. பன்னிரண்டு அத்தியாயம் வரை குறை சொல்ல இடமில்லை. பிறகு ஜெர்மனியில் அறுவை சிகிச்சை, நினைவிழப்பு, கணவன் மேல் பொய்க் கொலைவழக்கு, வில்லன் சொல்லும் கட்டுக்கதை, கார் மோதல், கடத்தல், துப்பாக்கிச் சூடு. நாலே அத்தியாயத்தில் இத்தனையும்! கடைசி அத்தியாயம் சுமார் 24.8 சதவீதம் பார்வையாளர்களைப் பெற்று, அதை ஒளிபரப்பிய அலைவரிசையின் முந்தைய சாதனையை முறியடித்தது. ஆனால் பேச்சு முழுக்க ‘அந்த லாரிக் கதையெல்லாம் எதுக்கு’ என்பதுதான். இவர்கள் கல்யாணம் ஏன் கசந்தது என்பதே தொடர் கேட்ட கேள்வி. அதற்கான பதிலைத் துப்பாக்கி விழுங்கிவிட்டது. 2074ஆம் ஆண்டுக் கல்லறையைக் காட்டி, சாகும் வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள் என்று கடைசியில் சொல்வது மட்டும் பழைய பார்க் ஜி-உன். அந்த ஒரு நிமிடத்துக்காக முந்தைய நாலு மணி நேரத்தை மன்னிப்பவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய துரோகம் ஒன்று உண்டு: நடந்ததெல்லாம் நடக்கவே இல்லை என்பது. 2004இல் ‘லவ்வர்ஸ் இன் பாரிஸ்’ கடைசியில், பார்த்ததெல்லாம் நாயகி எழுதிய திரைக்கதை என்றார்கள். கொரியாவில் இன்றும் கெட்ட முடிவுக்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 2022இல் ‘ரீபார்ன் ரிச்’. கொலை செய்யப்பட்ட ஊழியன், தான் வேலை பார்த்த பணக்காரக் குடும்பத்தின் பேரனாகக் கடந்த காலத்தில் மறுபடி பிறந்து, எதிர்காலம் தெரிந்தவனாகச் சொத்துச் சண்டையில் இறங்குகிறான். மூலமான இணைய நாவலில் அந்தப் பேரனாகவே வாழ்ந்து ஜெயிக்கிறான். தொடரிலோ பதினாறாவதில் பழைய உடம்போடு மருத்துவமனையில் கண் விழிக்கிறான். பதினேழு வருட வாழ்க்கை ஒரு வாரத்து மயக்கமாகிவிட்டது. எழுதியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது: பழைய பாவத்துக்கு இவனும் உடந்தை, அதற்குப் பிராயச்சித்தம் வேண்டும். நியாயம் சரி, விலை சரியில்லை. பதினைந்து அத்தியாயம் உழைத்த கூலியை எண்ணி வாங்கும் நேரத்தில் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு புத்திமதி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ருசித்த முடிவுகளில் எங்கே சூட்சுமம் என்று பார்க்க ‘ரிப்ளை 1988’இன் பதினெட்டாவது அத்தியாயம் போதும். நாயகி தோக்-சன் இசை நிகழ்ச்சிக்குத் தனியாகப் போய் நிற்கிறாள். ஜோங்-ஹ்வான் அவளை வருடக்கணக்காக விரும்பியவன்; வாய் திறந்து சொன்னதில்லை. செய்தி தெரிந்து காரை விரட்டுகிறான், வழியில் சிக்னல் சிக்னலாகச் சிவப்பு விழுகிறது. போய்ச் சேரும்போது தேக் ஏற்கெனவே அவள் முன் நிற்கிறான். தேக், பாதுக் என்ற பலகை ஆட்டத்தில் நாடறிந்த வீரன். அன்றைக்கு இருந்த போட்டியையே கைவிட்டுவிட்டு வந்திருக்கிறான். முதலில் சிக்னலைத் திட்டும் ஜோங்-ஹ்வான், தன்னை நிறுத்தியது சிக்னல் அல்ல, தன் தயக்கம் என்று தானே ஒப்புக்கொள்கிறான். ஜோங்-ஹ்வானுக்காக அழுதவர்கள்கூட அந்த முடிவை ஏற்கக் காரணம் இதுதான். ஒருவன் விலை கொடுத்தான், மற்றவன் கொடுக்கவில்லை. அது கண்முன்னே நடந்தது.

‘ஸ்டார்ட்-அப்’ இதற்கு நேர்மாறு. அநாதையாக வளர்ந்த ஹான் ஜி-ப்யோங், நாயகியின் பாட்டி கேட்டதற்காக இன்னொருவன் பெயரில் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். முதல் அத்தியாயத்தின் கனமெல்லாம் அவன் மேல். நாயகனாக வர வேண்டிய டோ-சான் பிறகுதான் கதைக்குள் கால் வைக்கிறான். முதல் மணி நேரத்தில் யாருடைய வலியைக் காட்டுகிறீர்களோ அவன் பக்கம்தான் பார்ப்பவர் உட்காருவார். பிறகு எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைப்பது சுலபமில்லை. இரண்டாம் நாயகனுக்காக ஊரே அழுகிறது என்றால், பாதிக்குப் பாதி அது எழுத்தில் நேர்ந்த எடைப் பிசகு.

‘ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்’ பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. கொரியாவில் பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப் பெயர் வருவதே வழக்கம். நாயகியின் மகள் பெயர் கிம் மின்-சே, காதலன் பேக் யி-ஜின். சேரப்போவதில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்த சங்கதி. பிரிவும் நேர்மையாகத்தான் வருகிறது: அவன் செய்தியாளன், 2001இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு அங்கேயே மாட்டிக்கொள்கிறான், தொலைபேசி அழைப்புகள் குறைகின்றன. பிரித்ததில் தப்பில்லை. பதினைந்து அத்தியாயம் வரை ‘ஒருவேளை, ஒருவேளை’ என்று தூண்டில் போட்டதுதான் தப்பு.

வில்லன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘தி குளோரி’யில் ஒவ்வொருவரும் எதை வைத்து ஆடினார்களோ அதுவே பறிபோகிறது. வாயாடிக்குக் குரல் போகிறது. திமிர் பிடித்தவன் பார்வை மங்கி, ஈரக் கான்கிரீட்டுக்குள் விழுகிறான். தொலைக்காட்சியில் வானிலை சொல்லி மினுக்கியவள், சிறையில் சக கைதிகள் சிரிக்க வானிலை சொல்கிறாள். ‘ஸ்கை காசில்’ பத்தொன்பது அத்தியாயம் பெற்றோரின் பேராசையை உரித்துக் காட்டிவிட்டு, இருபதாவதில் எல்லோரையும் திருந்தவைத்தது. படிப்புக்காகப் பிள்ளையைப் பிழிந்த அப்பா ஒரே இரவில் ஞானி! அப்படித் திருந்துகிறவர் நம்மூர் மெகா சீரியலில்கூட இல்லை.

இனி எங்கள் கரைக்கு மிக நெருக்கமான இரண்டு. இரண்டுமே ஜேஜு தீவுக் கதை.

‘அவர் ப்ளூஸ்’, 2022, இருபது அத்தியாயம். லாரியில் துணிமணி, சாமான் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் கூவி விற்கும் டோங்-சோக். சிறு வயதில் தன்னை இழுத்துக்கொண்டு இன்னொருவன் வீட்டில் போய் வாழ்ந்த அம்மாவோடு அவனுக்குப் பேச்சில்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. கடைசி அத்தியாயங்கள் இந்த இருவரின் பயணம்தான். ஏன் அப்படிச் செய்தாய், என்னிடம் வருத்தம் சொல்ல மாட்டாயா என்று கேட்கிறான். அவள் சொல்வதே இல்லை. ஹல்லா மலையில் பனி. அவளால் ஏற முடியவில்லை. மகன் மேலே போய்க் கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டுகிறான். ஊர் திரும்பியதும் விடியற்காலையில் எழுந்து, அவனுக்குப் பிடித்த சோயா விழுதுக் குழம்பு வைத்துவிட்டுப் படுக்கிறாள். அவன் வந்து சாப்பிடும்போது அவள் எழுந்திருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லே வராமல் மன்னிப்பு முடிந்துவிட்டது. நம் படங்களில் என்றால் காலில் விழுந்து ஐந்து நிமிட வசனம் இருந்திருக்கும். அந்தப் பெண்மணி இருபது அத்தியாயமும் பேசாத ஆள்; கடைசியிலும் பேசாமலே விட்டதால்தான் அது அவளாகவே இருந்தது.

‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’, 2025 மார்ச்சில் வாரத்துக்கு நாலாக நாலு வாரம் வந்தது. நாயகி ஏ-சனின் அம்மா மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுப்பவள். இருபத்தொன்பது வயதில் மூச்சு நோயில் போகிறாள். அம்மாவைக் கடல் வைத்துக்கொள்கிறதே என்று பத்து வயதுப் பெண் ஒரு கவிதை எழுதுகிறாள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுக்க இறங்கும் பெண்கள் இருக்கிற கரையில் இந்தக் கவிதைக்கு விளக்கம் வேண்டியதில்லை. தன் பிள்ளை கடலுக்கு இறங்கக் கூடாது என்பது இங்கேயும் முதல் பிரார்த்தனை.

அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஓரமாக ஒன்று. புது மாப்பிள்ளை குவான்-சிக் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தவன் அப்படியே திரும்பிக்கொண்டு, மனைவி ஏ-சனின் மேசையில் சாப்பிடுகிறான். வசனம் பேசிப் புரட்சி செய்யவில்லை, முதுகைத் திருப்பினான், அவ்வளவுதான். பதினாறு அத்தியாயமும் அவன் அந்த ஆள்தான். மகள் கும்-ம்யோங்கின் முதல் காதலன் யோங்-போமைப் பாருங்கள்: நல்லவன், படித்தவன், அம்மா முன்னால் மட்டும் வாயில்லாதவன். அம்மா இவளை மட்டம் தட்டும்போது நடுவில் நெளிகிறான். அவள் விலகுகிறாள். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் அதற்குக் குறைந்து எப்படிச் சம்மதிப்பாள்? மகளின் முடிவுக்கான காரணம் அப்பாவின் அந்தச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.

கடைசியில் குவான்-சிக் நோயில் இறக்கிறான். ஏ-சன் கிழவியான பிறகு கவிதைப் புத்தகம் வருகிறது. அதைப் பதிப்பிக்கும் பெண்ணாக, அம்மாவாக நடித்த யோம் ஹே-ரானையே கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா மறுபிறவி என்று எங்கேயும் சொல்லவில்லை. கண்ணுள்ளவர் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதற்குத் தங்கள் இணைப்பு குத்திய முத்திரை ‘சோகம்’. பத்து வயதில் எழுதத் தொடங்கிய பெண் கிழவியாகிப் புத்தகம் போடுவது எந்தக் கணக்கில் சோகம்?

ஆகவே விமர்சனம் எழுதுகிறவர்களுக்குச் சில கோரிக்கைகள். எத்தனை அத்தியாயம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், தமிழ்க் குரல் உண்டா என்று முதலில் போடுங்கள்; தடைக்காலம் தவிர மற்ற நாளில் எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. முடிவடையாத இணையச் சித்திரக்கதையிலிருந்து எடுத்ததா என்று சொல்லுங்கள், அப்படிப்பட்டவை கடைசியில் தடுமாறுவது வழக்கம். முதல் அத்தியாயம் கேட்ட கேள்விக்குப் பதினாறாவது பதில் சொல்கிறதா என்று ஆம், இல்லை என்ற அளவில் எழுதினால் போதும். 13 முதல் 15 வரை தொய்வென்றால் அதையும் ஒரு வரியில் எச்சரியுங்கள். இரண்டாம் பாதியில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி முளைத்தால் தனியாகவே எச்சரிக்கலாம்.

யார் சாகிறார் என்பதைத் தலைப்பிலேயே போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.