ஐனோ ஆல்டோவின் பங்கு

ஐயா,

பின்லாந்து வடிவமைப்பாளர் அல்வார் ஆல்டோ பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு குறைகள். 'நீராவியில் மரத்தை வளைத்தார்' என்று ஒரே வரியில் முடித்திருப்பது ஒன்று. ஐனோ ஆல்டோவை 'மனைவி' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்தது மற்றொன்று.

1933-இல் வந்த 'ஸ்டூல் 60' முக்காலியின் கால் வெறும் நீராவி வேலை அல்ல. தடித்த பிர்ச் மரக் கட்டையை அப்படியே செங்கோணத்துக்கு மடக்கினால் வெளிப்பக்க நார் இழுபட்டுக் கிழியும், உட்பக்கம் நசுங்கும். அதனால் வளைய வேண்டிய நுனியில் மட்டும், நார் ஓடும் திசையிலேயே வரிசையாக ரம்பத்தால் கீறி, ஒவ்வொரு கீறலிலும் பசை தடவிய மெல்லிய மரத் தகட்டைச் செருகி, சூட்டோடு வளைத்து இறுக்குவார்கள். பசை காய்ந்ததும் வளைவு அப்படியே நின்றுவிடும். பசை சீராகப் பரவாவிட்டாலோ, காயும் முன் பிடியைத் தளர்த்தினாலோ அடுக்கு பிரியும், கோணம் விரியும். கால் நேராக இருக்கையின் அடியில் திருகப்படுவதால் கழுந்தும் (துளையில் செருகும் மர முனை) வேண்டாம், குறுக்குச் சட்டமும் வேண்டாம். இந்த உத்தி பின்லாந்தின் துர்கு நகரில் அறைகலன் தொழிற்சாலை நடத்திய ஓட்டோ கோர்ஹோனனோடு சேர்ந்து சோதித்துக் கண்டது. அந்தப் பெயரும் கட்டுரையில் இல்லை. (மூன்று கால் மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆனால் இரு கால்களுக்கு நடுவே விளிம்பில் உட்கார்ந்தால் கவிழும். நான்கு கால் வகையும் உண்டு.)

ஐனோ (1894–1949) 1920-இலேயே கட்டடக்கலை படிப்பை முடித்தவர். அல்வாரின் அலுவலகத்தில் சேர்ந்தது 1924-இல். 1935-இல் ஆர்டெக் என்ற அறைகலன் நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். அதன் வடிவமைப்புப் பொறுப்பை வகித்தார். 1941 முதல் இறக்கும்வரை நிர்வாக இயக்குநர்.

கட்டுரையோடு வெளியான வளையத் தம்ளர் படத்தின் கீழ் அல்வார் பெயர் அச்சாகியுள்ளது. அது ஐனோ வடிவமைத்த 'பொல்கெப்லிக்' என்ற கண்ணாடிப் பொருள் வரிசை. 1932-இல் கர்ஹுலா கண்ணாடித் தொழிற்சாலைப் போட்டியில் இரண்டாம் பரிசும், 1936 மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றது. அச்சில் அழுத்திச் செய்யும் மலிவுக் கண்ணாடியில் குமிழும் கோடும் தெரியும்; அந்தப் படிப்படியான வளையங்கள் அவற்றை மறைப்பதோடு சுவருக்கு உறுதியும் தருகின்றன. அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. படக்குறிப்புக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறைகலன் துறை வாசகர் ஒருவர்