செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் வானியல் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்தைப் பள்ளி மைதானத்தில் பொதுமக்களுக்குக் காட்டினோம். இரவு 11 மணிக்குத் தொடங்கி 82 நிமிடம் நிலா முழு நிழலுக்குள் இருந்தது. மேகம் வந்து வந்து போனாலும் குழந்தைகள் கடைசிவரை கலையவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையின் பெரும்பகுதியை நான் வான் ஒளிப்படப் பிரிவுக்கு ஒதுக்குகிறேன். "நெபுலா படம் எடுக்க லட்சக்கணக்கில் வேண்டாமா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டீர்கள். நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம். இந்த ஆண்டு செய்த வேலைதான் அதற்குப் பதில்.

நம்மிடம் இருந்தது நன்கொடையாக வந்த 130 மி.மீ. நியூட்டன் வகைத் தொலைநோக்கி (ஆடியால் ஒளியைக் குவிப்பது), குவியத் தூரம் 650 மி.மீ. கண்ணால் பார்க்க அருமையான கருவி. ஆனால் கேமராவை மாட்டினால் ஃபோகஸ் கிடைக்காது. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் நட்சத்திரங்கள் வட்டமாக ஊதித்தான் தெரியும். காரணம் எளிது. கேனான் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ. பின்னால் இருக்கிறது. தொலைநோக்கியின் ஒளியோ அதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. எனவே முதன்மை ஆடியைக் குழாயில் ஏறக்குறைய 3 செ.மீ. மேலே ஏற்றினோம். நம் உறுப்பினர் ஒருவரின் லேத் பட்டறையில் ஆடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, குழாயில் புதுத் துளைகள் போட்டு, பழைய துளைகளை அடைத்து, உட்புறத்துக்கு மங்கல் கருப்பு அடித்தார்கள். இப்போது கண்ணால் பார்க்க விரும்பினால் ஃபோகஸரில் நீட்டிப்புக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் ஆடியைத் தாண்டி ஒளி செல்லும் தூரம் கூடியதால் படத்தின் மூலைகள் சற்று இருள்கின்றன. அதை ஃபிளாட் படங்கள், அதாவது சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் ஒப்பீட்டுப் படங்கள், சரிசெய்துவிடும்.

அடுத்தது கேமரா. பழைய கேனான் 600டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், தோல் நிறமும் புடவை நிறமும் இயல்பாகத் தெரிவதற்காகச் சிவப்பைப் பெரிதும் குறைக்கிறது. நெபுலாக்களின் ஹைட்ரஜன் வாயு சிவப்பாக ஒளிர்வது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது அந்த ஃபில்டர் வெட்டும் இடத்தில்தான். அங்கே வரும் ஒளியில் ஏறக்குறைய கால்பங்குதான் சென்சாரை அடைகிறது. இந்த கேமராவில் இரண்டு ஃபில்டர்கள் உண்டு. முன்னால் உள்ளதை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் நீலச்சாயல் கண்ணாடியை மட்டும் எடுத்தோம். கேமரா பழுதுபார்க்கும் நண்பர் செய்துகொடுத்தார். வீட்டில் முயல நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷின் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், தொட்டால் பலமாக அடிக்கும். விவரம் தெரிந்தவர் உடனில்லாமல் திறக்காதீர்கள்.

ஃபில்டரை எடுத்தபின் பகல் படங்கள் செக்கச்செவேல் என்று வருகின்றன, ஆட்டோ ஃபோகஸையும் நம்ப முடியாது. வானத்துக்கு இரண்டும் பொருட்டல்ல. அட்டையில் கீற்றுக் கீற்றாக வெட்டிய, ஃபோகஸ் பார்க்க உதவும் பாட்டினோவ் முகமூடியைத் தொலைநோக்கியின் வாயில் மாட்டி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் கதிர்க்கோடுகளைச் சமமாக்கினால் ஃபோகஸ் பளிச்சென்று அமைகிறது.

ஆனாலும் புதியவர்கள் எடுத்த எடுப்பில் கேமராவைத் திறக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓரியன் நெபுலா, கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் ஆகிய மூன்றும் மாற்றாத கேமராவிலேயே அழகாக வரும். 50 மி.மீ. லென்ஸும் சாதாரண முக்காலியும் இருந்தால் ஆறு விநாடி வரை நட்சத்திரம் இழுபடாது. அப்படி நூறு படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், பத்தில் ஒன்றாகக் குறையும். 1880இல் ஹென்றி டிரேப்பர் முதன்முதலாக ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தபோது ஒரே தகட்டுக்கு 51 நிமிடம் ஒளி காட்ட வேண்டியிருந்தது. நெபுலாவைப் படமெடுக்கும் வசதி இன்று கல்லூரி மாணவரின் கைக்கே வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட நம்மைப் படுத்தியது மவுண்ட்தான், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் சுழற்சியோடு திருப்பும் பீடம். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம், வான துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். நம் அட்சரேகை பன்னிரண்டரை பாகை. துருவ நட்சத்திரம் அவ்வளவு தாழ்வாக, தென்னை மரங்களுக்குப் பின்னால், தூசிக்குள் நிற்கிறது. பல இரவுகளில் கண்ணில் படவே இல்லை. அதனால் உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) நிற்கும் நட்சத்திரம் வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று பார்த்துத் திருத்தும் முறையைப் பழகினோம். பொறுமை வேண்டும், ஆனால் பழகியவர் கை தவறாது. அச்சு இவ்வளவு தாழ்ந்திருப்பதால் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர்எடைக் கம்பி முக்காலியில் இடித்தது. மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவில் குட்டையான இரும்புக் குழாய் ஒன்றைப் பொருத்தியபின் அது தீர்ந்தது. இப்போது 60 விநாடிப் படங்களில் பெரும்பாலானவை தேறுகின்றன. பொங்கல் சமயத்துப் பனி கேமரா வளையம்வரை நனைத்தது. அப்புறம் சூடேற்றும் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தோம்.

பலன் என்ன? ஜனவரி இரவுகளில் ரோஜா நெபுலாவை எடுத்தோம். மாற்றாத கேமராவில் சாம்பல் புகைபோல் கிடந்தது, இப்போது இதழ் இதழாகச் சிவந்து வந்திருக்கிறது. மார்ச் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் கரீனா நெபுலா தெற்கே ஏறக்குறைய 17 பாகை உயரத்துக்கு வந்தது. டெல்லியில் அது அடிவானத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். இந்தத் தென்வானம் நமக்கு வாய்த்த செல்வம். பக்கத்திலேயே ஜவ்வாது மலையில், காவலூரில், 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆய்வகம் தொடங்கியது. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே இயங்கத் தொடங்கியது. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்குத் தென்வானமும் ஒரு காரணம். நம் மாணவர்கள் அந்த மலையைப் பார்த்தபடி தங்கள் கையால் சரிசெய்த கருவியில் படமெடுக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது இப்போது வேண்டாம். இருக்கும் மவுண்டைத் தானாகத் திருத்தும் வழிகாட்டிக் கேமராவும் அதற்கான சிறு தொலைநோக்கியும் வாங்கினால் மூன்று, நான்கு நிமிடப் படங்கள் சாத்தியமாகும். இரண்டாவதாக, நம்மிடமுள்ள இன்னொரு கேமராவை மாற்றாமலே வைத்திருந்து புதிய உறுப்பினர்களுக்கு வார இரவல் தர வேண்டும். மூன்றாவதாக, நாம் படமெடுக்கும் ஏரிக்கரையைச் சுற்றி வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் கூடிக்கொண்டே போகின்றன. விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை, ஒளி தரையை மட்டும் நோக்கும்படி மூடி போடச் சொல்லி ஊராட்சிக்கு மனுக் கொடுக்க வேண்டும். வரைவைத் தயார் செய்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு மேசையில் இருக்கும்.

மூன்றையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றி.

செயலாளர்